எலிக்குட்டியின் முதல் வாரம்: அழுத்தத்தின் குறி தலைமுறை தாண்டுமா?

கார்முகில்:
பெற்றோர் பட்ட துன்பம் பிள்ளைகளின் மரபணுவில் பதியும் என்பதற்கு இனியும் சான்று கேட்பது பொருத்தமன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே சிஃப் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், குட்டிகளை அதிகம் நக்கிப் பேணாத தாய் எலியிடம் வளர்ந்தவற்றின் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், அழுத்த ஹார்மோனை உணரும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் மரபணுத் தொடக்கத்தில், மரபணுவின் இயக்கத்தை அடக்கும் மெத்தில் என்னும் வேதிக் குறிகள் கூடுதலாக இருந்தன. அதனால் ஏற்பிகள் குறைந்து, அந்த ஹார்மோனாகிய கார்ட்டிகோஸ்டீரோனின் சுரப்பை அடக்கும் பின்னூட்டம் தளர்ந்தது.

வேம்பு:
கார்முகில் அவர்களே, நீங்கள் காட்டும் ஆய்வே உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கிறது. அந்த வேறுபாடு பிறந்தபின் முதல் வாரத்தில் உருவானது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டிகளைத் தாய் மாற்றி விட்டபோது, அவை பெற்ற தாயை அல்ல, வளர்த்த தாயையே ஒத்தன. வளர்ந்த எலிகளின் மூளையில், அடங்கிய மரபணுக்களை மீண்டும் இயங்கச் செய்யும் டிரைகோஸ்டாட்டின் ஏ என்னும் மருந்தைச் செலுத்தியதும் வேறுபாடு மறைந்தது. நன்கு பேணப்பட்ட பெண் குட்டி தாயானதும் தன் குட்டிகளை அவ்வாறே பேணுகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே கைமாறுவது வளர்ப்பு முறை, விந்திலோ முட்டையிலோ ஏறிய குறி அன்று.

கார்முகில்:
தாய் வழிக்கு அது பொருந்தலாம். எமரி பல்கலைக்கழகத்தின் டயஸ், ரெஸ்லர் ஆய்வுக்கு என்ன விடை சொல்வீர்கள்? அசிட்டோஃபீனோன் என்னும் வேதிப்பொருளின் மணத்தோடு மின்னதிர்ச்சியும் பெற்ற ஆண் சுண்டெலிகளின் மகன்களும் பேரன்களும், முன்பு நுகர்ந்தே அறியாத அந்த மணத்துக்குக் கூடுதலாகத் திடுக்கிட்டன. சோதனைக்குழாய்க் கருவூட்டலில் பிறந்தவற்றிலும் அம்மணத்துக்குரிய மூளைப் பகுதி பெரிதாகவே இருந்தது.

வேம்பு:
அது வெளிவந்த 2014ஆம் ஆண்டிலேயே கிரெகரி ஃபிரான்சிஸ் அதன் புள்ளிவிவரத்தை ஆராய்ந்தார். அவ்வளவு குறைவான விலங்குகளை வைத்து ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் வெற்றி பெறுவது, விளைவு மெய்யாகவே இருந்தாலும், மிக அரிது என்று காட்டினார். விந்திலுள்ள குறி கருவுற்றபின் இத்தகைய குறிகள் பெருமளவில் துடைக்கப்படும்போது அதற்குத் தப்பி எப்படி மூளை வரை செல்கிறது என்பதும் விளக்கப்படவில்லை.

நெய்தல்:
விலங்குக் காப்பகத்தில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒப்பிடுவதற்காக வைக்கப்படும் கட்டுப்பாட்டுக் குழு அழுத்தமின்றி இருந்தது என்று இருவரும் எடுத்துக்கொள்கிறீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலி மனிதக் கையை அஞ்சி விலகும். நெகிழிக் குழாய்க்குள் தானாக ஏறவிட்டுத் தூக்கினால் அந்த அச்சம் வெகுவாகக் குறையும் என்பதை 2010இல் ஹர்ஸ்ட், வெஸ்ட் ஆய்வு காட்டியது. ஆண் ஆய்வாளரின் மணமே, ஏன், அவர் அணிந்த சட்டையின் மணமே கூட எலிகளின் கார்ட்டிகோஸ்டீரோனை உயர்த்துகிறது என்று மெக்கில்லிலேயே 2014இல் மோகில் குழுவினர் கண்டனர்.

கார்முகில்:
அது இரு குழுவுக்கும் பொதுவானது, ஆகவே ஒப்பீட்டில் கழிந்துபோகும்.

நெய்தல்:
ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தூக்கியிருந்தால் அப்படிச் சொல்லலாம். காலையில் ஒருவரும் விடுமுறை நாளில் வேறொருவரும் கூண்டு மாற்றும் இடங்களில் அது தானாக அமையாது. யார் தூக்கினார், எப்படித் தூக்கினார் என்பதைப் பல கட்டுரைகளின் செய்முறைப் பகுதி குறிப்பிடுவதே இல்லை. அதை எழுதாத ஆய்வின் மெத்தில் அளவை வைத்து நீங்கள் இருவரும் தலைமுறைகளைப் பற்றி வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.