கூட்ட இரைச்சலில் மூழ்கிய குரலை மீட்க வழி உண்டா?

வணக்கம் உறவுகளே. 2025 ஏப்ரலில், உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கள்ளுத் தவறணையில் பிரதேச சபை வேட்பாளர் ஒருவரின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டில், உள்ளே நிற்க இடமில்லை, வெளியே ஜெனரேட்டர். எங்கள் ஒழுங்கையின் மதகைக் கட்டித் தருவதாக அவர் சொன்னதைப் போனில் பதிந்தேன். மாரியில் அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார்கள். இப்போது கேட்டால், கிரவல் போடுவதாக மட்டுமே சொன்னேன் என்கிறார். அங்கே நின்றவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போன் சாம்சங் ஏ14, எம்4ஏ கோப்பு, 11 நிமிடம். ஆறாவது நிமிடத்தில் "மதகு" என்பது தெளிவாகக் கேட்கிறது, அடுத்த வசனம் கைதட்டலிலும் பேச்சிலும் அமுங்கிவிட்டது.

ஒடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஜெனரேட்டர் சத்தத்தை மட்டும் மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைத்தேன். உறுமல் போய்விட்டது. ஆனால் சனத்தின் குரலும் அவர் குரலும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் பிரியவில்லை. இரைச்சல் குறைப்பின் அளவைக் கூட்டினால் அவர் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டியும் பார்த்தேன், சரிவரவில்லை. ஸ்டுடியோக்காரத் தம்பியும் கைவிரித்துவிட்டார். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரே மைக்கில் பதிவான ஒருவரின் குரலை, சுற்றியுள்ள பேச்சிலிருந்து பிரித்தெடுக்க எந்த மென்பொருளை, எந்த முறையில் பயன்படுத்த வேண்டும்?