திருகோணமலையில் கீபோர்ட் பழகும் பிள்ளைகளுக்கு உதவி வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நானும் என் மனைவியும் நாகர்கோவிலில் இருந்து ஊழியத்துக்காகத் திருகோணமலை வந்திருக்கிறோம். உப்புவெளியில் சனிக்கிழமை சாயங்காலம் 12 பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக் கொடுக்கிறோம். மூதூரில் இருந்துகூட இரண்டு பேர் பஸ் ஏறி வருகிறார்கள். இருப்பதோ 2 கீபோர்ட். மற்றவர்கள் அட்டையில் கட்டைகளை வரைந்து விரல் பழகுகிறார்கள். சத்தமே வராத அந்த அட்டையில் அவர்கள் காட்டும் கவனத்தைப் பார்த்தால் மனம் கலங்கிவிடும்.

சி மேஜர் ஸ்கேலில் நடுவிரலுக்கு அடியில் பெருவிரலை நுழைப்பது வலது கையில் எல்லாருக்கும் வந்துவிட்டது. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் சி, எஃப், ஜி கார்டுகளும் பிடிக்கிறார்கள். சிக்கல் அடுத்த படியில்தான். கீர்த்தனைகளைக் காதால் கேட்டே வாசிக்கிறார்கள். சுருதி மாறினால், சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் நாளைக்கு அந்தப் பட்டன் இல்லாத ஒரு பியானோ முன்னால் உட்கார்ந்தால் திகைத்துப் போவார்களே. ஐந்து கோட்டில் இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைத் தமிழில் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கே தொடங்கினீர்கள்? ச ரி க ம வழியாகப் போவதா, நேரே ஐந்து கோட்டுக்குப் போவதா?

அப்புறம், ஒரு கீபோர்டில் 4 கட்டைகள் பேசுவதில்லை. கடல் காற்றாக இருக்கலாம். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் கான்டாக்டைக் கழற்றித் துடைத்துத் தரத் தெரிந்தவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருக்கிறாரா?

வீட்டில் சும்மா கிடக்கும் 61 கட்டைக் கீபோர்ட் இருந்தால் சொல்லுங்கள், பழையதானாலும் சரி, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். எங்கள் விசா அடுத்த வருஷம் முடிகிறது. அதற்குள் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரையாவது சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.