ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. எதை நம்புவது?

கோபி தோட்டத்துக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கொண்ட பழைய ஹூண்டாய் ஐ10 வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகக் காலையில் கியர் லீவரை முன்னே ஓட்டுவதற்கான 'டி'க்குக் கொண்டுவந்தால், இரண்டு நொடி தயங்கிய பிறகே வண்டி நகர்கிறது. சூடேறிய பின் அந்தத் தயக்கம் தெரிவதில்லை.

கியர்பாக்ஸ் ஆயிலை நானே பார்க்கலாம் என்று காலையில் எஞ்சினை ஓட்டாமலே, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினேன். 'ஹாட்' என்று குறித்த பகுதிக்கும் மேலே ஒரு விரற்கடை ஆயில் நின்றது. அன்று மாலை சத்தியமங்கலம் போய்த் திரும்பியதும், வாசலிலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் பார்த்தேன்; ஆயில் அதே பகுதிக்குக் கீழே இருந்தது. பட்டறை ஒன்றில் காலைக் கணக்கைச் சொன்னபோது அரை லிட்டர் இறக்கிவிடலாம் என்றார்கள். மாலைக் கணக்கைச் சொன்னபோது கடையில் கிடைக்கும் ஏதாவது சிவப்பு ஆயிலை ஊற்றிவிடலாம் என்றார்கள். எது சரி என்று விளங்காமல், இறக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோவைப் பட்டறைக்காரர்:

வணக்கம் தம்பி. ஒன்றும் செய்யாமல் நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. அரை லிட்டரை இறக்கியிருந்தால் கியர்பாக்ஸுக்கே ஆபத்தாகியிருக்கும்.

உங்கள் காலைக் கணக்கைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போதுதான் கியர்பாக்ஸின் பம்ப் சுழன்று, கீழ்த்தொட்டியில் இருக்கும் ஆயிலை இழுத்து, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், ஆயிலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி, கிளட்ச் அடுக்குகள், கூலர் குழாய் எல்லாவற்றையும் நிரப்புகிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் அதில் ஒரு பகுதி வடிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். ஆகையால் இரவெல்லாம் நின்ற வண்டியில், ஆயில் உண்மையிலேயே குறைந்திருந்தாலும் டிப்ஸ்டிக் நிறைவாகத்தான் காட்டும். காலையில் மட்டும் வண்டி தயங்குவதும் இதனோடு பொருந்துகிறது: ஆயில் குறைந்த பெட்டியில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்கிக் கிளட்சுகளைப் பிடிக்கச் செய்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

உங்கள் மாலைக் கணக்கு பெரும்பாலும் உண்மையை ஒட்டியது. ஆனால் மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காக நம் வீட்டு வாசல்களைச் சரிவாகத்தான் போடுகிறோம். வண்டி சாய்ந்து நின்றால் தொட்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, அளவு கூடவோ குறையவோ தெரியும். மஞ்சள் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். களமும் சரிந்திருக்கக்கூடும் என்பதால் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பதினைந்து இருபது நிமிடம், இடையிடையே நின்று கிளம்பி வண்டியை ஓட்டுங்கள். உங்கள் பெட்டியில் 'ஹாட்' பகுதி ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உரியது. ஆயில் சூட்டில் விரிந்து மட்டம் உயரும், குளிர்ந்தால் தாழும். ஆனால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த கையோடு பார்க்காதீர்கள். அப்போது ஆயில் அளவுக்கு மீறிக் கொதித்திருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு பாருங்கள். மட்டத்தில் நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, காலால் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, லீவரை 'பி'யிலிருந்து (பார்க்கிங்) ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தித் திரும்பக் கொண்டுவாருங்கள். கடைசியில் 'பி'யா 'என்'னா (நியூட்ரல்) என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து அதன்படியே வையுங்கள். தோளில் துண்டு வேண்டாம். விசிறியும் பெல்ட்டும் சுழன்றுகொண்டிருக்கும்.

டிப்ஸ்டிக்கைத் துடைப்பதற்குப் பனியன் வேஸ்டை எடுக்காதீர்கள். திருப்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் பட்டறைகளில் எதற்கும் அதுதான் கைக்கு வருகிறது. ஆனால் அதன் நூல்பிசிறு ஒன்று உள்ளே போய் வால்வ் பாடியின் நுண்ணிய துளையில் சிக்கினால் வரும் செலவு பெரியது. பிசிறு விடாத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே செருகி, மறுபடி உருவி இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் தாழ்ந்த பக்கத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பக்கத்தில் குழாய்ச் சுவரின் ஆயில் ஒட்டியிருக்கும்.

பிறகு ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தேய்ந்து கருகுகிறது. ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீரோ ரேடியேட்டர் கூலண்டோ கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

குறைந்திருந்தால் உங்கள் வண்டிக்குரிய எஸ்பி-3 வகை ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கிளட்ச் வழுக்காமல் பிடிப்பதற்கான சேர்மானம் வகைக்கு வகை மாறும். நீண்ட புனலால் நூறு, இருநூறு மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் அளவு பாருங்கள். கூடிப்போனால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது.

திருப்பூர் வாசகர்:

இந்த முறையை எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில், சூடான எஞ்சினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் பார்ப்பதே முறை. 2014இல் செலேரியோவில் தொடங்கி நம் ஊரில் பரவிய ஏஎம்டி வண்டிகளில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் இயந்திரம் மாற்றிக் கொடுக்கிறது. அவற்றில் இப்படி உருவிப் பார்க்கும் டிப்ஸ்டிக்கே கிடையாது. படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் சிவிடி பெட்டிக்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு.

புதிய டார்க் கன்வெர்ட்டர் வண்டிகள் பலவற்றிலும் டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஆயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்து, வண்டியை மட்டமாகத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே கீழேயுள்ள திருகைத் திறந்து, ஆயில் வழிந்து மெல்லிய இழையாகக் குறையும்போது மூட வேண்டும். ஜாக்கி மேல் நிறுத்திய வண்டிக்கடியில் படுத்துச் செய்கிற வேலை இல்லை இது. லிஃப்ட் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள்.

கோபி தோட்டத்துக்காரர்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே நேற்று மாலை களத்தில் நிறுத்திப் பார்த்தேன். களம் தெற்கே சாய்ந்திருப்பதை ரசமட்டம் காட்டியதால் இரண்டு பலகைத் துண்டுகளைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து மட்டம் செய்தேன். 'ஹாட்' பகுதியின் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் ஆயில் இருந்தது. நிறம் சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. எஸ்பி-3 ஆயிலை மூன்று தடவையாக 350 மில்லி ஊற்றியதும் இரு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது. இன்று காலை 'டி' போட்டதும் வண்டி தயக்கமின்றி நகர்ந்தது. இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஊற்ற வேண்டியிருக்கும்?

கோவைப் பட்டறைக்காரர்:

ஊற்றவே தேவைப்படக் கூடாது, தம்பி. எஞ்சின் ஆயிலைப் போல இது எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் பொருள். இன்றிரவு வண்டியின் முன்பகுதிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். சக்கரத்தின் பக்கம் சிவப்புச் சொட்டு இருந்தால் ஆக்சில் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டு கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்), நடுவில் இருந்தால் தொட்டியின் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பு), ரேடியேட்டருக்குக் கீழே இருந்தால் கூலர் குழாயின் கிளிப் என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

கோபி தோட்டத்துக்காரர்:

இடது சக்கரத்தின் உட்புறமாக ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு சிவப்புச் சொட்டுகள் விழுந்திருக்கின்றன, அண்ணா. ஆக்சில் சீலை மாற்ற நாளைக்கே கொடுத்துவிடுகிறேன்.

கோவைப் பட்டறைக்காரர்:

நல்லது. ஆக்சிலை உருவும்போது ஆயில் கொஞ்சம் கொட்டும். அதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள்; அதே அளவுக்குப் புது ஆயிலை ஊற்றிவிட்டு, வண்டி சூடான பின் உங்கள் களத்திலேயே மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.