மறு: எக்ஸஸ் லயபிலிட்டி, அம்பரெல்லா – கட்டுமானக் காப்பீட்டுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கட்டுமான ஒப்பந்ததாரர்கள், பிறருக்கு நேரும் தீங்குக்கான சட்டப் பொறுப்பை ஏற்கும் தம் அடிப்படைப் பொறுப்புக் காப்பீட்டுக்கு மேல் எடுக்கும் ‘எக்ஸஸ் லயபிலிட்டி’ பாலிசியைக் ‘கூடுதல் பொறுப்புக் காப்பீடு’ என்றே அழைக்கலாம் என நண்பர்கள் சிலர் முன்மொழிந்திருக்கிறீர்கள். எளிய சொல்தான், ஆனாலும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘கூடுதல்’ என்றதும், இதுவரை காப்பில்லாத இடர்களும் காப்புக்குள் வந்துவிட்டன என்றே படிப்பவர் எண்ணுவார். இந்தப் பாலிசியோ பெரும்பாலும் இடர்களின் வகையைக் கூட்டுவதில்லை, இழப்பீட்டுத் தொகையின் உச்ச வரம்பை மட்டுமே உயர்த்துகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் கையொப்பமிடும் ஒரு சிறிய ஒப்பந்ததாரர் ஒரே விபத்தில் தொழிலையே இழக்கக்கூடும் என்பதால், இதை வெறும் சொல்லாராய்ச்சியாக என்னால் கருத முடியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒப்பந்ததாரர் ஒருவரின் அடிப்படைப் பாலிசி, ஒரு விபத்துக்கு 10 இலட்சம், ஆண்டு முழுமைக்கும் 20 இலட்சம் என்ற வரம்புகளைக் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கிரேன் சாய்ந்து பக்கத்துக் கட்டடம் இடிகிறது. நீதிமன்றம் 35 இலட்சம் இழப்பீடு விதிக்கிறது. முதல் 10 இலட்சத்தை அடிப்படைப் பாலிசி தரும். எஞ்சிய 25 இலட்சத்தை, அதற்கு மேலே 50 இலட்சத்துக்கு எடுத்து வைத்த பாலிசி தரும். அந்த இரண்டாம் பாலிசி, முதல் பாலிசியின் வரம்பு முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே நிகழும் சிறிய இழப்புகளில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அவ்வளவு உயரத்தை எட்டும் இழப்புகள் அரிதாகவே நேர்வதால், அடிப்படை வரம்பையே உயர்த்துவதைவிட இவ்வாறு மேலே ஒன்றை அடுக்குவது பல வேளைகளில் குறைந்த பிரீமியத்தில் முடிகிறது. பெரிய பணிகளில் உடைமையாளர் கேட்கும் உயர்ந்த வரம்பை ஒப்பந்ததாரர்கள் இந்த வழியில்தான் எட்டுகிறார்கள்.

இன்னொரு நண்பர் ‘மிகைப் பொறுப்புக் காப்பீடு’ என்று எழுதியிருந்தார். இதில் வேறொரு சிக்கல் உள்ளது. காப்பீட்டுத் துறையில் ‘எக்ஸஸ்’ என்பது, ஒவ்வோர் இழப்பிலும் பாலிசிதாரர் முதலில் தம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகைக்கும் வழங்கும் சொல். ஒன்று அடியில் இருப்பது, மற்றொன்று உச்சியில் இருப்பது. இரண்டையும் ‘மிகை’ என்றே பெயர்த்தால், ஓர் ஆவணத்தின் ஒரே பக்கத்தில் நேர் எதிரான இரு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் புகுந்துவிடும். ஆகவே பாலிசிதாரர் ஏற்பதைத் ‘தன்பொறுப்புத் தொகை’ என்றும், மேலே அமையும் பாலிசியை ‘மேலடுக்குப் பொறுப்புக் காப்பீடு’ என்றும் பிரித்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன். அப்படியானால் கீழே இருப்பது ‘அடியடுக்கு’ ஆகும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல நிறுவனங்களின் பாலிசிகள் அமையும்போது முதல் மேலடுக்கு, இரண்டாம் மேலடுக்கு என்று இடர்ப்பாடின்றிச் சொல்லவும் இது இடம் தரும். மேலடுக்கு எந்தத் தொகையில் உயிர் பெறுகிறதோ அதற்குத் ‘தொடங்கு வரம்பு’ போதும்.

அடியடுக்கின் விதிகளையும் விலக்குகளையும் பெரிதும் அப்படியே பின்பற்றும் பாலிசியை ‘அடியொற்றும் மேலடுக்கு’ எனலாம். அடிச்சுவட்டைப் பின்பற்றுதல், அடியிலுள்ள பாலிசியைப் பின்பற்றுதல் என்னும் இரண்டு பொருளும் இதில் தாமாகவே பொருந்துகின்றன. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் நிறைவளிக்கும் சொல் இதுவே.

‘அம்பரெல்லா’ இதிலிருந்து வேறானது. அது பொதுப் பொறுப்பு, வாகனப் பொறுப்பு, வேலையளிப்போர் பொறுப்பு ஆகிய பல அடிப் பாலிசிகளின் மேல் ஒருசேர விரிகிறது. அவற்றில் இடம்பெறாத சில இடர்களையும், தன்பொறுப்புத் தொகை கழித்து, தானே ஏற்கிறது. குடை நிழல் என்பது காவலைக் குறிப்பது தமிழில் பழைய வழக்கு என்பதால் ‘குடைப் பொறுப்புக் காப்பீடு’ என்பது நமக்கு அந்நியமாக ஒலிக்காது. முந்தைய விபத்துகளால் அடியடுக்கின் ஆண்டு வரம்பு கரைந்துவிட்டால், மேலிருப்பது கீழே வந்து அந்த இடத்தை நிரப்புவதைக் ‘கீழிறங்கு காப்பு’ எனலாம். ஆனால், பிரீமியம் கட்டாமல் அடிப் பாலிசி காலாவதியானாலோ, நிபந்தனையில் கூறியதைவிடக் குறைந்த வரம்புக்கு அது எடுக்கப்பட்டிருந்தாலோ, மேலடுக்கு பொதுவாகக் கீழிறங்காது. இடைவெளியை ஒப்பந்ததாரரே சுமக்க வேண்டும். வரையறை எழுதும்போது இந்த வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டும்.

அன்புடன்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ‘மேலடுக்கு’, ‘அடியொற்றும்’ இரண்டையும் முழு மனத்துடன் ஏற்கிறேன். ‘குடை’ பற்றி மட்டும் ஓர் ஐயம். இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாமே அதன் கீழ் அடங்கிவிட்டதாக ஒப்பந்ததாரர்கள் நம்பிவிடுகிறார்கள். தாம் சரியாகச் செய்யாத வேலையைத் திரும்பச் செய்யும் செலவு, காலத்தாழ்வுக்கான தண்டத்தொகை, வடிவமைப்புப் பிழை ஆகியவை வழக்கமாக அதில் அடங்குவதில்லை. ‘பல்பரப்புக் காப்பீடு’ என்றால் இந்த மயக்கம் குறையுமா?

வேறொன்றும் உண்டு. துணை ஒப்பந்ததாரர் கட்டிய சாரம் சரிந்து வழிப்போக்கர் காயமுறுகிறார். முதன்மை ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரரின் அடியடுக்கிலும் மேலடுக்கிலும் காப்புப் பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். அந்த அடியடுக்கு தீர்ந்த பின், அடுத்துத் தர வேண்டியது துணை ஒப்பந்ததாரரின் மேலடுக்கா, முதன்மை ஒப்பந்ததாரரின் சொந்த அடியடுக்கா? இந்த வரிசையில்தான் பெரிய வழக்குகள் எழுகின்றன. இதற்கும் சொற்கள் வேண்டும்.

இவண், தங்கள் அன்புள்ள வாசகி.

*

அன்புள்ள அம்மா,

தங்கள் இரண்டாம் கேள்வி மிகவும் தேவையானது. ஒருவருடைய அடுக்குகள் முழுவதும் மேல்நோக்கித் தீர்ந்த பிறகே மற்றவருடையதைத் தொடுவது ‘நெடுக்குத் தீர்வு’. இருவருடைய அடியடுக்குகளும் தீர்ந்த பிறகே எந்த மேலடுக்கையும் தொடுவது ‘கிடைத் தீர்வு’. எது பொருந்தும் என்பதைப் பாலிசிகளின் வாசகமும், இருவருக்கும் இடையிலான ஒப்பந்தமும், அந்தந்த நாட்டின் சட்டமும் முடிவு செய்யும். பிறருடைய பாலிசியில் சேர்க்கப்படுபவரை ‘இணைக்காப்புறுநர்’ என்று குறிக்கலாம்.

‘பல்பரப்பு’ அகலத்தைக் காட்டுகிறதே தவிர, மேலே அமைவதைக் காட்டவில்லை. அதனால் ‘குடை’யை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தாங்கள் சுட்டிய ஆபத்து மெய்யானது. ஆகவே ‘குடை’ என்று தனித்து எழுதாமல் ‘குடைப் பொறுப்புக் காப்பீடு’ என்று முழுமையாகவே எழுதுவோம். பிறருக்கு நேர்ந்த தீங்குக்கான சட்டப் பொறுப்பு மட்டுமே அதன் எல்லை என்பதை ‘பொறுப்பு’ என்னும் நடுச்சொல் காட்டிக்கொண்டே இருக்கும். தாங்கள் குறிப்பிட்ட விலக்குகளையும் வரையறையின் இரண்டாம் வாக்கியமாகச் சேர்த்து வரைவை அனுப்புகிறேன். வழக்குச் செலவு வரம்புக்குள் அடங்குவதையும், வரம்புக்கு வெளியே தனியாகத் தரப்படுவதையும் வேறுபடுத்த எனக்கு நல்ல சொல் கிட்டவில்லை. தங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.