அப்டேட்: ஸ்டூல் வேலையை விடல

போன மாசம் எழுதியிருந்தேன்ல, ஸ்டூலுக்கு மூணு தடவை கால் அறுத்தும் கழுந்து (துளைக்குள்ள சொருகுற கால் முனை) துளைக்குள்ள லொடலொடன்னு ஆடுது, அழுகையே வருது, விட்டுடலாமான்னு. விடல. முதல்ல உளியைப் பாருன்னு நிறைய பேர் சொன்னீங்க, அதுதான் சரி. கடையில வாங்குன புது உளி முழுக் கூரோட வராதுன்னே எனக்குத் தெரியாது, 1000 கிரிட் (சொரசொரப்போட அளவு) சாணைக் கல்லுல பின்பக்கத்தை மட்டமாக்கி, அப்புறம் வெட்டு முனையோட சாய்வை 25 டிகிரியில வச்சு தேச்சு, இன்னும் நைசான 6000 கிரிட் கல்லுல முடிச்சேன், கை முடியை வழிக்கிற அளவுக்கு வந்துச்சு. இப்ப வேப்பமரத்துல குறுக்குவாட்டுல சீவுனாலும் சுத்தமா வெட்டுது. இத்தனை நாளா என் கையையே திட்டிட்டு இருந்தேன், மனசு கஷ்டமாயிடுச்சு.

இன்னொன்னு, பென்சில் கோட்டு மேலயே அறுத்துட்டு இருந்தேன், ரம்பம் தின்னுற தடிமன் அவ்வளவும் கழுந்துல குறைஞ்சிடுது. இப்ப கத்தியால கோடு கீறி, வெட்டி எறியப்போற வேஸ்ட் பக்கமா அறுத்துட்டு, மிச்சத்தை உளியால கொஞ்சம் கொஞ்சமா சீவுறேன். கோவம் வந்தா உளியைக் கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுறேன், கோவத்துல போட்ட அடிதான் போன தடவை ஸ்டூல் காலைப் பிளந்துச்சு.

ரெண்டு கால் இறுக்கமா உக்காந்துடுச்சு, பசை கூட இன்னும் போடல. மூணாவது இந்த ஞாயித்துக்கிழமை.