ரெசொலூட் – கிரைஸ் ஃபியோர்டு: வான்வழித் தொலைவு எவ்வளவு?

கேள்வி:
கனடாவின் நூனவுட் பகுதியில், கார்ன்வாலிஸ் தீவிலுள்ள ரெசொலூட்டுக்கும் எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலுள்ள கிரைஸ் ஃபியோர்டுக்கும் இடையிலான வான்வழித் தொலைவை அறிய விரும்புகிறேன். வழக்கமான உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து, நிலநடுக்கோட்டுக்குரிய அளவின்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 1,500 கி.மீ. வருகிறது, இணையக் கணிப்பானோ 383 கி.மீ. என்கிறது. எது சரி? விமானம் உண்மையில் நேர்வழியில்தான் பறக்கிறதா?

பதில் 1:
கணிப்பான் தருவதே சரி. தாங்கள் பார்த்தது மெர்காட்டர் வரைபடமாக இருக்க வேண்டும். அதில் தீர்க்கரேகைகள் எங்கும் இணையாகவே செல்லும். உண்மையில் அவை துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலமுள்ள ஒரு பாகை, 75 பாகை வடக்கில் 29 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இவ்விரு ஊர்களும் 74.7, 76.4 பாகைகளில் இருப்பதால் வரைபடம் அத்தொலைவை நான்கு மடங்காகக் காட்டுகிறது. துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வரைபடத்தில் அளந்து பாருங்கள். வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும்.

பதில் 2:
இந்தத் தொலைவுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1953இலும் 1955இலும் கனடிய அரசு, கியூபெக்கின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாஃபின் தீவிலுள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்தும் ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றியது. உறவினர்கள் இரண்டு ஊர்களுக்கும் பிரிக்கப்பட்டனர். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். அவ்வாண்டு இரு ஊர்களிலும் நினைவுச்சிலைகள் நிறுவப்பட்டன. கிரைஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய தாயும் மகனும் ரெசொலூட்டின் திசையைப் பார்க்கிறார்கள். ரெசொலூட்டில் சிமியோனி அமகோலிக் செதுக்கிய ஆண் தனியே நின்று கிரைஸ் ஃபியோர்டின் திசையைப் பார்க்கிறான். 383 கி.மீ. என்று எழுதும்போது அதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 3:
தங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நேர்வழியில் பறந்தாலும் திசை மாறாமல் இருப்பதில்லை. ரெசொலூட்டிலிருந்து, வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 55 பாகைத் திசையில் புறப்படும் விமானம், கிரைஸ் ஃபியோர்டை நெருங்கும்போது 66 பாகையில் பறந்துகொண்டிருக்கும். காந்த வடதுருவத்தின் நெருக்கத்தால் திசைகாட்டியை நம்ப முடியாததால், அங்கே மெய்வடக்கை, அதாவது புவியியல் வடதுருவத்தின் திசையை வைத்தே விமானம் ஓட்டுகிறார்கள்.

ஆனால் பயணத்தை உண்மையில் தீர்மானிப்பது ஓடுபாதைதான். ரெசொலூட்டின் சரளை ஓடுபாதை ஏறத்தாழ 2,000 மீட்டர் நீளமுடையது. மலைகளை ஒட்டிய கிரைஸ் ஃபியோர்டின் ஓடுபாதையோ 500 மீட்டரை ஒட்டியது. எனவே ட்வின் ஆட்டர் போன்ற, குறுகிய இடத்தில் இறங்கக்கூடிய சிறு விமானமே அங்கே செல்ல முடியும். காற்று எதிர்க்காவிட்டால் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அருகில் வேறு விமான நிலையம் இல்லாததால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு ஆட்களும் சரக்கும் குறைகின்றன. போய்ச் சேரும்போது மேகம் தாழ்ந்திருந்தால் இறங்காமலே திரும்பிவிடுவார்கள். பயணி 760 கி.மீ.க்கு மேல் பறந்தும் ரெசொலூட்டிலேயே இருப்பார். ஆகவே அங்கே செல்பவர்கள் அடுத்த விமானத்தை உடனே பிடிக்கும்படி திட்டமிடாமல், சில நாள்களைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.