உறுதி என்ட பேரில, கையெழுத்து அவற்றயா?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
கொக்குவிலில நாலு பரப்புக் காணி. அம்மா சீதனமா எழுதித் தந்தது. என்ட மனுசன் கனடா போய் ஒன்பது வருசம். முதல் ரெண்டு வருசம் காசு வந்தது, பிறகு போனும் இல்லை. மகளின்ட படிப்புக்கு விற்பம் எண்டு நொத்தாரிசிட்டப் போனன். உறுதியை விரிக்க முதலே "மிஸ்டர் வரேல்லையோ?" எண்டார். அவர் எழுத்தில சம்மதம் தராமல் ஏலாதாம். என்னோட வேலை செய்யிற சிங்களப் பிள்ளை, அவவும் கலியாணம் கட்டினவ, போன மாசம் தனியக் கையெழுத்து வைச்சுத் தன்ட வீட்டை வித்தவ. அரசியலமைப்பின்ட 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது எண்டுதானே சொல்லுது? உச்ச நீதிமன்றம் போகலாமோ?

பதில் 1:
தங்கச்சி, நான் சட்டத்தரணி இல்லை, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில கனகாலம் கிளாக்கர். 12 சரிதான். கொஞ்சம் தள்ளி 16ஐப் பாருங்கோ: அரசியலமைப்பு வர முதல் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் செல்லும். தேசவழமை எண்டது வடமாகாணத் தமிழரின்ட வழமைச் சட்டம்; அந்தத் தேசவழமைக்காரருக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் காணி விற்கப் புருசன்ட சம்மதம் கேக்குது, அது அப்பிடித்தான் தப்பி நிக்குது. அந்தப் பிள்ளைக்குப் பொதுச் சட்டம், 1923இலயே கையை அவிட்டு விட்டிட்டாங்கள். ஆனால் உங்கட 1911 சட்டத்துக்குள்ளயே ஒரு வாசல் இருக்கு. புருசன் கைவிட்டிட்டார், இருக்கிற இடம் தெரியாது, காரணமில்லாமல் சம்மதம் மறுக்கிறார் எண்டால் மாவட்ட நீதிமன்றத்தில மனுப்போட்டு அந்தச் சம்மதம் தேவையில்லை எண்டு கட்டளை எடுக்கலாம்.

பதில் 2:
நாங்கள் மட்டக்களப்பு. அக்கா போன வருசம் தனியத்தான் எழுதிக் குடுத்தவ, ஒருத்தரும் அத்தானைக் கேக்கல்ல. கொழும்பில ஃபிளாட் வாங்கினா அதுக்கும் உங்களுக்கு இந்தச் சட்டமா?

பதில் 1:
ஓம். அது வடமாகாணத் தமிழரோட கூடவே வரும், சொத்து எங்க கிடந்தாலும். தேசவழமைக்கு உட்படாதவரைக் கட்டினால் அந்தக் கலியாணம் இருக்குமட்டும் பெண்ணுக்கும் அது இல்லை.

கேட்டவர்:
நொத்தாரிசு இன்னொண்டும் சொன்னார். மரணசாசனமா எழுதுறதெண்டால் அவற்ற சம்மதம் தேவையில்லையாம். செத்தாப் பிறகு நான் பெரியாள்! சரி, நீதிமன்றமே போறன். அண்ணை, அவர் இருக்கிற இடம் தெரியாது எண்டதுக்கு என்னத்தைக் காட்டுறது? அவற்ற பழைய ஸ்காபரோ விலாசத்துக்கு நான் போட்ட ரெண்டு பதிவுத் தபாலும் திரும்பி வந்தது, உறை கிழிக்காமல் வைச்சிருக்கிறன்.

பதில் 1:
கிழிச்சுப் போடாதேங்கோ. அப்பிடியே சட்டத்தரணியிட்டக் கொண்டு போங்கோ.